மருந்து பூசிய விதை இல்லாமல் ரேப்சீட் பயிரிட முடியுமா?

கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு பண்ணையில் வேலை பார்க்கும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உங்கள் முதலாளி, "தேனீயின் பெயரைச் சொல்லி மருந்து பூசிய விதையைத் தடை செய்தார்கள், அன்றோடு ரேப்சீட் ஒழிந்தது" என்கிறார். நாலு வயல் தள்ளி இருப்பவரோ பூச்சிமருந்தே அடிக்காமல் நல்ல மகசூல் எடுக்கிறார். யார் சொல்வது உண்மை, வரும் ஆகஸ்டில் விதைப்பதா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. தடை நியாயமா என்பது ஒன்று. இந்த வயலில் இந்த ஆண்டு பணத்தைப் போடலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உங்கள் முதலாளி சொல்லும் பதில் பாதி சரி என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டாவதற்கு அது எந்த உதவியும் செய்யாது. கோவையில் பூச்சியியல் படித்துவிட்டு வந்து, பல ஆண்டுகளாக இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களில் பயிர் ஆலோசகனாக இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் கடைகளில் கனோலா எண்ணெய் என்று விற்பது இந்தச் செடியின் விதையிலிருந்து எடுப்பதுதான், கடுகுக் குடும்பம். இங்கே ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ விதைத்து, குளிர்காலம் முழுக்க வயலில் நிறுத்தி, அடுத்த ஜூலையில் அறுக்கிறார்கள். கோதுமைக்காரர்கள் இதை விட மனமில்லாமல் தவிப்பதற்கு எண்ணெய் விலை மட்டும் காரணம் அல்ல. ரேப்சீட்டுக்குப் பின் வரும் கோதுமை நன்றாக விளையும். கோதுமையில் எந்த மருந்துக்கும் அடங்காத கருப்புப்புல் என்ற களையை, ரேப்சீட் நிற்கும்போது புரோபிசமைடு என்ற களைக்கொல்லி கொண்டு அடக்கிவிடலாம். அறுவடையும் சீக்கிரம் முடிவதால் கையில் பணம் முதலில் வரும். இத்தனை வசதியும் ஒரே பயிரில் வேறு எங்கும் கிடைப்பதில்லை.

இனி வில்லன். தண்டுத் தெள்ளு வண்டு என்று சொல்லலாம். விஞ்ஞானப் பெயர் சில்லியோட்ஸ் கிரைசோசெபாலா. நான்கு மில்லிமீட்டர் அளவு, நீலங்கலந்த கருப்புப் பளபளப்பு, பின்தொடை தடித்திருக்கும், தொட்டால் துள்ளி மறையும். கோடையில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து, சில வாரங்கள் வேலியோரத்திலும் மரநிழலிலும் ஓய்ந்து கிடந்துவிட்டு, ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் முளைத்துவரும் ரேப்சீட்டைத் தேடிப் பறந்து வருகிறது. விதையிலையில் சல்லடையாகத் துளை போடும். மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்கு முன்பே குருத்தைத் தின்றுவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட வயலில் "விதை முளைக்கவே இல்லை" என்று விவசாயி சொல்வார்; மண்ணைக் கிளறினால் முளைத்துக் கடிபட்ட தண்டுகள் கிடக்கும். இது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற சேதம். கண்ணுக்குத் தெரியாதது பிறகு வருகிறது. வண்டு செடியடியில் மண்ணில் முட்டையிடுகிறது. புழு இலைக்காம்பைத் துளைத்து உள்ளே போய், குளிர்காலம் முழுக்கத் தின்று, பிப்ரவரி, மார்ச்சில் நடுத்தண்டுக்கு நகர்கிறது. அக்டோபரில் பச்சைப்பசேல் என்றிருந்த வயல் மார்ச்சில் எழாமல் குட்டையாக உட்கார்ந்திருந்தால், காரணம் பெரும்பாலும் இந்தப் புழுதான். ஆண்டுக்கு ஒரே ஒரு தலைமுறை. அதற்குள் இத்தனை வேலை.

மருந்து பூசிய விதைக்கு வருவோம். நம் ஊரில் பருத்தி விதைக்கு இமிடாகுளோபிரிட் நேர்த்தி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பம்தான்: இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தையாமீதாக்சம் என்ற மூன்று நியோனிகோட்டினாய்டுகள். விதையில் பூசிய மருந்து வேர் வழியே ஏறி இளஞ்செடியை ஆறேழு வாரம் காத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இவற்றைத் தேனீ நாடும் பயிர்களில் கட்டுப்படுத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆக, 2014 ஆகஸ்டில்தான் இங்கே பூச்சு இல்லாத விதை முதன்முதலாக மண்ணில் விழுந்தது. 2015இல் வண்டு மிக மோசமாக இருந்த பகுதிகளுக்கு மட்டும், மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு, பிரிட்டன் அவசர அனுமதி கொடுத்தது. 2018இல் திறந்தவெளிப் பயன்பாடு முழுவதையும் ஒன்றியம் நிறுத்தியது. பிரிட்டன் வெளியேறிய பிறகும் ரேப்சீட்டுக்கு அந்த மருந்து திரும்பவில்லை.

தேனீக்குக் கெடுதல் என்பது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: இந்த மருந்துகள் தேனீக்கு மிகக் கடுமையான நஞ்சு, சில நானோகிராம் ஒரு தேனீயைக் கொல்லப் போதும், பூசிய விதையிலிருந்து வளர்ந்த செடியின் மகரந்தத்திலும் தேனிலும் மருந்து சிறிய அளவில் இருக்கிறது, பூசியதில் பெரும்பகுதி செடிக்குள் போகாமல் மண்ணில் தங்குகிறது. காட்டுத்தேனீக்களுக்குப் பாதிப்பு உண்டு என்பதற்கும் ஆதாரம் பலமானது. சுவீடனில் வயல்மட்டத்தில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், பூச்சு விதை போட்ட வயல்களில் காட்டுத்தேனீக்கள் குறைந்தன, பம்பிள் தேனீயின் கூடுகள் சரியாக வளரவில்லை. ஆனால் வளர்ப்புத் தேனீக் கூட்டங்களில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. சந்தேகம் இருப்பது வளர்ப்புத் தேனீ விஷயத்தில்தான். பிரிட்டன், ஜெர்மனி, ஹங்கேரி மூன்றிலும் நடத்தி 2017இல் வெளியான பெரிய ஆய்வில் பிரிட்டனிலும் ஹங்கேரியிலும் கெடுதல் தெரிந்தது, ஜெர்மனியில் அப்படித் தெரியவில்லை. கூட்டின் ஆரோக்கியமும் சுற்றியிருக்கும் மற்ற பூக்களும் முடிவை மாற்றுகின்றன என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆகவே "தேனீக்கு ஒன்றும் ஆகாது" என்பவரும் "ஒரு விதை ஒரு கூட்டைக் கொன்றுவிடும்" என்பவரும் ஆதாரத்தைத் தாண்டித்தான் பேசுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், காட்டுத்தேனீயைப் பற்றிய சான்று மட்டுமே கட்டுப்பாட்டுக்குப் போதும். அதன் விலையைக் கிழக்கு இங்கிலாந்து விவசாயி தனியாகக் கொடுக்க நேர்ந்தது என்பதும் உண்மை.

எவ்வளவு விலை? 2012இல் ஐக்கிய ராஜ்யத்தில் ரேப்சீட் ஏறத்தாழ 7.5 லட்சம் ஹெக்டேரில் இருந்தது. 2021இல் அது 3 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, நடுவில் தடை வந்ததைக் காட்டி உங்கள் முதலாளி வழக்கை முடித்துவிடுகிறார். அவரிடம் ஒன்று கேளுங்கள்: அதே தடை ஸ்காட்லாந்திலும்தானே அமலில் இருக்கிறது, அங்கே மட்டும் ஏன் பயிர் நிற்கிறது? அங்கே ஆகஸ்ட் மண்ணில் ஈரம் இருக்கிறது, வண்டும் குறைவு. பெட்ஃபோர்ட்ஷயர், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் பக்கம் காய்ந்த ஆகஸ்ட், கடுமையில்லாத குளிர்காலம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ரேப்சீட் என்ற நெருக்கமான பயிர்ச் சுழற்சி எல்லாம் சேர்ந்துவிட்டன. பூச்சு விதை இருந்த காலத்தில் இவை எல்லாம் மறைந்து கிடந்தன. அதற்கு முன்னால் லிண்டேன் பூசிய விதை அதே வேலையைச் செய்தது, அதுவும் போய்விட்டது. ஒரு மருந்து போனால் அடுத்தது வரும் என்ற நம்பிக்கையில் சுழற்சியைக் குறுக்கிக்கொண்டே போனார்கள். இந்த முறை அடுத்தது வரவில்லை.

வரவில்லை என்பதைவிட, கையில் மிஞ்சியதும் செத்துப்போயிருந்தது என்று சொல்ல வேண்டும். தெளிப்பதற்கு இருந்தது பைரித்ராய்டு குடும்பம். விலை மலிவு, எல்லோரிடமும் ஒரு கேன் இருக்கும். வண்டில் இதற்கு எதிர்ப்புத்திறன் முதலில் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. 2014 முதல் இங்கிலாந்து வண்டுகளிலும் தெரிகிறது. நரம்பில் மருந்து பிடிக்கும் இடம் மாறிவிட்ட வகையும் உண்டு, உடலுக்குள்ளேயே மருந்தைச் சிதைத்துவிடும் வகையும் உண்டு. தென்கிழக்கில் இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் அடித்தால் என்ன நடக்கும்? மருந்துக்கு இளகிய வண்டு சாகும், தாங்குகிற வண்டு முட்டையிடும், கூடவே வண்டைத் தின்பவையும் சாகும். இந்த வண்டுக்குள் முட்டையிடும் மைக்ரோக்டோனஸ் பிராசிகே என்ற ஒட்டுண்ணிக் குளவியை நாரிச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்து ஆய்வாளர்கள் நார்ஃபோக் வண்டுகளில் கண்டு 2020இல் எழுதினார்கள். புழுவைத் தாக்கும் டெர்சிலோகஸ் குளவி வேறு இருக்கிறது. இவை மட்டுமே வண்டை அடக்கிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மூன்றுமுறை பைரித்ராய்டு அடிக்கிற வயலில் இவற்றுக்கு இடமில்லை. முதல்முறை அடித்து, மறுநாள் மாலை மங்கிய பிறகு கைவிளக்கோடு போய்ப் பாருங்கள். வண்டு அப்போதும் தின்றுகொண்டிருந்தால் இரண்டாம் முறைக்கு டீசல் செலவழிக்க வேண்டாம். பக்கத்துப் பண்ணைக்காரர் மருந்தில்லாமல் விளைவிப்பதில் பெரிய மர்மம் ஏதுமில்லை. வேலை செய்யாத மருந்தை அவர் நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

அடிப்பதா வேண்டாமா என்பதற்கு இங்கே வழக்கில் உள்ள சேதநிலை அளவு உங்களுக்கு உதவும். விதையிலை முதல் இரண்டு இலைப் பருவம் வரை இலைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் போயிருக்க வேண்டும்; மூன்று நான்கு இலைப் பருவத்தில் பாதிக்கு மேல். அதோடு செடி வளர்கிற வேகத்தைவிடத் தின்கிற வேகம் கூடுதலா என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் இடைவெளியில் அதே இடத்தில் நின்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இப்போது நீங்கள் உண்மையில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். ரேப்சீட்டை நாட்காட்டி பார்த்து விதைக்காதீர்கள். ஈரம் பார்த்து விதையுங்கள். நம் மானாவாரிக்காரர் வானம் பார்த்து விதைப் பெட்டியைத் திறப்பது போலத்தான் இது ஆகிவிட்டது. விதைத்த ஆழத்தில் ஈரம் இருந்து, அடுத்த சில நாளில் மழைக்கு வாய்ப்பும் இருந்தால் செடி வண்டின் பல்லை முந்தி ஓடும். வறண்ட புழுதியில் போட்ட விதை பத்துநாள் கழித்துத் தட்டுத்தடுமாறி முளைக்கும்போது வண்டு பந்தி போட்டு உட்கார்ந்திருக்கும். ஆகஸ்ட் முதல் பாதியில் ஈரம் கிடைத்தால் அப்போதே போடுவது நல்லது. வண்டு பறந்து வருவதற்குள் செடிக்கு நாலைந்து இலை வந்துவிடும். இதில் ஒரு விலையும் உண்டு. சீக்கிரம் விதைத்த வயலில் முட்டை அதிகம் விழும், புழு அதிகம் இருக்கும். செப்டம்பர் நடுவில் தாமதித்துப் போட்டால் புழு குறையும். ஆனால் குளிர் வருவதற்குள் செடி சிறுத்துப்போய், மரப்புறாவுக்கும் ஓடில்லா நத்தைக்கும் தீனியாகலாம். எது சிறந்தது என்பதில் ஆலோசகர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. நடுவில், வண்டு உச்சத்தில் பறக்கும் நாட்களில் முளைக்கிறபடி விதைப்பது மட்டும் மோசம் என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறோம்.

விதை செலவைக் குறைத்துப் போடுவது இதோடு சேர்ந்த விஷயம். மழை வராவிட்டால் விலகிப்போக மனம் வர வேண்டும் என்றால் முதலில் போட்ட பணம் குறைவாக இருக்க வேண்டும். சொந்தப் பண்ணையில் எடுத்து வைத்த விதை ஒரு வழி. பயிர் நிலைபெற்றால் மட்டுமே முழுத்தொகையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சில விதை நிறுவனங்கள் தருகின்றன. அது இன்னொரு வழி. விலையுயர்ந்த களைக்கொல்லியை முளைப்பதற்கு முன்பே கொட்டாமல், பயிர் நின்ற பிறகு அடித்துக்கொள்ளலாம். வண்டிடம் தோற்ற பண்ணைகளில் பலவற்றை உண்மையில் முடக்கியது, செப்டம்பருக்குள்ளேயே மண்ணில் இறக்கிவிட்ட பணம்தான்.

மற்ற உத்திகளில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது மிக எளிமையானது. போன அறுவடையில் உதிர்ந்து தானாக முளைத்த ரேப்சீட் செடிகளை உடனே உழுதுவிடாமல், செப்டம்பர் கடைசி வரை அப்படியே விட்டுவைப்பது. பறந்து வரும் வண்டு அங்கேயே இறங்கித் தின்னும். புது வயலுக்கு வருவது குறையும். பிறகு அதை அழித்துவிட்டுக் கோதுமை விதைக்கலாம். நிறைய பேர் வயல் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று ஆகஸ்டிலேயே அழித்து, பசித்த வண்டைப் புது வயலுக்குத் தாங்களே துரத்திவிடுகிறார்கள். அறுத்த தாளை உயரமாக விட்டு, உழவைக் குறைத்து நேரடியாக விதைப்பது ஈரத்தைக் காக்கிறது. கோழி எருவோ சாணக் கழிவோ விதைப்புக்கு முன் போட்டால் செடிக்கு வேகம் வரும். வண்டு அந்த வாடையில் குழம்புகிறது என்பது வயலில் பலர் சொல்வது, நிரூபணம் பலமாக இல்லை. ஊடுபயிரும் அப்படித்தான். பக்வீட் என்ற தானியச் செடி, பெர்சீம் என்ற தீவனப் பயிர், நம் சமையலறை வெந்தயம் எல்லாம் ரேப்சீட்டோடு கலந்து விதைக்கிறார்கள். பக்வீட்டையும் வெந்தயத்தையும் பனி கொன்றுவிடுவதால் பறிக்கிற வேலை இல்லை. சில சோதனைகளில் கடி குறைந்திருக்கிறது, சிலவற்றில் ஒன்றும் தெரியவில்லை. வெந்தயம் போட்டவருக்கு நல்ல ஆண்டு வாய்த்தால் வெந்தயத்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஆட்டை விட்டு இலையை மேயவிடுவது புழு எண்ணிக்கையைக் குறைக்கும் என்பது உண்மை. காம்போடு புழுவும் போய்விடுகிறது. ஆனால் மகசூல் கூடும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தண்டு எழுந்த பிறகு மேயவிட்டால் நிச்சயம் நட்டம்.

ஜனவரியில் நீங்களே ஒரு வேலை செய்யுங்கள். வயலின் நாலு பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் செடிகளைப் பிடுங்கி வந்து, காம்பை அடியோடு நீளவாக்கில் பிளேடால் கீறிப் பாருங்கள். காம்பில் சின்னத் தழும்பு இருக்கும் இடத்துக்குக் கீழே, பழுப்பு ஓடைபோன்ற தடத்தின் முடிவில் அழுக்கு வெள்ளைப் புழு இருக்கும். தலை கருப்பு, வால் நுனியில் கருந்தகடு, மார்புக்கடியில் மூன்று ஜோடிக் கால். கால் இல்லாத புழுவாக இருந்தால் அது தண்டுக் கூன்வண்டு, வேறு ஆள். கீறப் பொறுமை இல்லை என்றால், செடிகளைக் கம்பிவலையில் பரப்பி, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து, வெதுவெதுப்பான கொட்டகையில் விட்டுவிடுங்கள். இலை காயக் காயப் புழு தானாக வெளியேறித் தண்ணீரில் விழும், எண்ணிக்கொள்ளலாம். செடிக்கு ஐந்துக்கு மேல் என்றால் கவலைப்பட வேண்டிய நிலை. ஆனால் பருத்த தண்டுள்ள செடி பத்துப் புழுவையும் தாங்கி நின்று காய்த்திருக்கிறது, மெலிந்த செடி நாலுக்கே மடிந்திருக்கிறது. செடியின் பருமனையும் சேர்த்துப் படியுங்கள். மார்ச்சில் சதுர மீட்டருக்கு 25 நல்ல செடி, சீராகப் பரவி நின்றால் வைத்துக்கொள்ளலாம். திட்டுத்திட்டாக நின்றால், உரம் போடுவதற்கு முன் கணக்குப் பாருங்கள்.

வேறு இரண்டு பூச்சியைப் பற்றிச் சுருக்கமாக. பச்சை அசுவினி, டர்னிப் மஞ்சள் வைரஸைப் பரப்பும்; பூச்சு விதை போனதில் இந்தக் காவலும் சேர்ந்து போனது. அசுவினிக்கும் பைரித்ராய்டு எதிர்ப்பு உண்டு என்பதால், வைரஸ் எதிர்ப்பு ரகம் வாங்குவதே தீர்வு. இன்று அது எளிதில் கிடைக்கிறது. மகரந்த வண்டு வசந்தத்தில் மொட்டைக் கடிக்கும். சதுர மீட்டருக்கு 30 செடிக்குக் குறைவாக உள்ள வயலில் செடிக்கு 25 வண்டு வரை பொறுக்கலாம், 70 செடிக்கு மேல் இருந்தால் 7 வரைதான். இடம் கிடைத்த செடி வேண்டிய அளவுக்கு மேல் மொட்டு வைக்கும் என்பதே காரணம். பூ விரிந்துவிட்டால் மருந்தைத் தொடவே வேண்டாம். அதற்குப் பிறகு அந்த வண்டு மகரந்தம் தின்ன வந்த விருந்தாளி.

உங்கள் முதலாளியின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. இங்கே தடை செய்த மருந்து பூசிய விதையில் விளைந்த கனோலாவை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடையில்லை. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்குக்கு மட்டும் அரசு பல ஆண்டுகள் அவசர அனுமதி கொடுத்துவந்தது, 2025இல்தான் மறுத்தது. இது விவசாயிக்கு வெறுப்பேற்றாமல் என்ன செய்யும்? ஆனாலும் பூச்சு விதை திரும்பி வரும் என்று காத்திருந்து திட்டமிடுவது வீண்.

உங்கள் வயலின் மண்ணை நான் பார்த்ததில்லை. கனத்த களியா, சுக்கானா, வேலியை ஒட்டி எத்தனை ஏக்கர், கடைசியாக எப்போது ரேப்சீட் நின்றது என்பதெல்லாம் தெரியாமல் "விதையுங்கள்" என்று இங்கிருந்து சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஒரு வரம்பு மட்டும் சொல்கிறேன். ஐந்து ஆண்டுக்குள் அதே வயலில் ரேப்சீட் நின்றிருந்தால் வேண்டாம். நின்றிருக்காவிட்டால், ஆகஸ்ட் 20க்குள் ஈரம் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் விதையைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு, குளிர்கால பீன்ஸையோ வசந்தகால ஆளியையோ யோசியுங்கள். ஆளிக்கும் ஒரு தெள்ளு வண்டு உண்டு என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இனம் வேறு; ரேப்சீட் வயலிலிருந்து அது வராது.